ஆறு வோல்ட்டில் அம்மாவின் குரல்

என் மகன் ஈரக் கையோடு போன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்குகிறான். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனாள். "வெறும் அஞ்சு வோல்ட்டும்மா, இதுக்குப் போய்" என்று சிரிக்கிறான் அவன். ஐந்து வோல்ட் வெளியே வருவது. உள்ளே போவது எவ்வளவு என்று இவனுக்கு யார் சொல்வது? என் வயதுக்காரர்கள் நீங்களாவது கேளுங்கள். கையில் எடுத்தால் கனமே இல்லாத இந்த வெள்ளைப் பெட்டிகளை நான் நம்புவதில்லை. கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற சாமான் என்றால் இரும்பாக இருக்க வேண்டும், தூக்கினால் கையை இழுக்க வேண்டும், சூடேறினால் வார்னிஷ் வாசனை அடிக்க வேண்டும். அப்படி ஒன்றை வைத்து நானும் அக்காவும் எங்கள் வீட்டில் ஒரு வேலை செய்தோம். அந்தத் தை மாதத்தை நினைத்தால் இந்த முட்டிவலியோடும் எனக்கு எழுந்து ஓடத் தோன்றுகிறது.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல்திட்டு. பழவேற்காட்டுக்குப் போக ஓடம், அங்கிருந்து பொன்னேரிக்கு பஸ். அப்போது ஊருக்குக் கரண்ட் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். வீட்டுக்கு ஒரு பல்பு, ஒரு பிளக் பாயிண்ட். பல்பைப் போட்டால் பூச்சிகள் வந்து மோதி விழும். அதை வேடிக்கை பார்க்கவே நாங்கள் கீழே உட்கார்ந்திருப்போம். பிளக் பாயிண்டில் செருக எந்த வீட்டிலும் எதுவும் கிடையாது. எங்கள் அம்மா ஆயுத பூஜைக்கு அதற்குக் குங்குமம் வைத்தாள், அது அப்படியே இருந்தது.

ஊருக்கு ஒரே ரேடியோ எங்களுடையது. நைனா, எங்கள் அப்பா, ஒரு சீசன் மெட்ராஸில் விசைப்படகு வேலைக்குப் போய் வாங்கிவந்தது. தோல் உறை போட்டது, நாலு பெரிய பேட்டரி போடுவது. ஆனால் எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு எது தப்பும்? ஆணி கரையும், கீல் கரையும், பூட்டைத் திறக்காமல் ஒரு மாசம் விட்டால் சாவி உள்ளேயே ஒடியும். மழைக்காலம் முழுக்க ரேடியோவுக்குள் கிடந்த பேட்டரிகள் கசிந்து, அவற்றைப் பிடிக்கிற ஸ்பிரிங்குகள் பச்சையாகப் பூத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. அதன் பிறகு புதுப் பேட்டரி போட்டும் பயனில்லை. ரேடியோவின் மேல் சீப்பு வைக்க ஆரம்பித்தோம்.

இந்த நேரம் பார்த்துத்தான் அம்மா ரேடியோவில் பேசிவிட்டாள்.

மார்கழியில் ஒருநாள் ரேடியோ ஸ்டேஷன்காரர்கள் இரண்டு பேர் ஓடத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஒருவர் தோளில் டேப் மிஷின், இன்னொருவர் கையில் மைக். அன்றைக்கு எங்கள் ஊருக்குப் பாடு. ஏரியில் நல்ல மீன் விழும் இடங்களைப் பங்கிட்டு, எந்த நாளில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருப்பார்கள், அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். பாடு உள்ள நாளில் ஊரில் ஆம்பிளை நிழல்கூடத் தங்காது. நானும் அக்காவும் பள்ளிக்கூடம். கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் மைக்கைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. "இறால் வெயில்ல கெட்டுப்பூடும், நான் எங்க ஓடறது?" என்றாள், பிறகு நாங்கள் கேட்டபோது. உட்கார்ந்தபடியே மைக்காரர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறாள். போகும்போது அவர், பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இது வரும், கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

யாரும் நம்பவில்லை. ரேடியோக்காரர்கள் வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு, அம்மா பேசியதைக் கேட்டவர்கள் இல்லை. மீன் ஏலம் போடும் இடத்தில் அம்மா கூடையை இறக்கினால் போதும்.

"இன்னாமே ரேடியோக்காரி, இன்னிக்கு காத்து எந்தப் பக்கம் அடிக்குது? ரேடியோல சொன்னியா?" என்பான் ஒருவன்.

"அவ சொல்றதைக் கேட்டுத்தான் மெட்ராஸ்ல கப்பலே வுடுறாங்களாம்" என்பான் இன்னொருவன்.

நைனாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வருவார், வீட்டுக்கு வந்து குமுறுவார். "மைக்கைப் பாத்துக்கினு நின்னிருப்ப. அத்தப் போயி பேசினேன்னு ஊரெல்லாம் ஊதிட்ட. என் மானம் போவுது."

"நான் பேசினேன்" என்பாள் அம்மா. அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். எங்கள் அம்மா கடன் சொன்னால் தேதி தவறாதவள், வருகிறேன் என்றால் புயலிலும் போய் நிற்பவள். அவளுக்கு வாக்குதான் சொத்து. அவளைப் புளுகி என்று ஊர் சிரித்தபோது அவள் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போனதை நான் பார்த்தேன். கடைசியில் ஒருநாள் ஏலத்தில் நின்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டாள். "அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரும் எங்க வூட்டுக்கு வாங்கோ. வந்து கேளுங்கோ."

வீட்டில் இருப்பதோ செத்த ரேடியோ. பழவேற்காட்டு டீக்கடையில் ரேடியோ உண்டு, ஆனால் அங்கே ஒரு பொம்பளை போய் நின்று கேட்பதா, ஊரைக் கூட்டிக்கொண்டு போவதா? ஒருமுறைதான் போடுவார்கள். காற்றில் வரும், போய்விடும். அன்றைக்குக் கேட்காவிட்டால் அம்மா சாகிறவரைக்கும் புளுகிதான்.

அக்கா பொன்னேரியில் ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ சயன்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை அவள் ஓடத்திலிருந்து இறங்கும்போது ஒரு கையில் துணி மூட்டை, இன்னொரு கையில் தினத்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. அந்தக் கை தாழ்ந்திருந்தது.

"இன்னாடி இது, எடைக்கல்லா?" என்றாள் அம்மா.

"டிரான்ஸ்ஃபார்மர்மா."

"ரோட்டுல கம்பத்து மேல குந்திக்கினு இருக்குமே, அதுவா?"

"அதோட குட்டி."

நான் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை அளவு இரும்பு, நடுவில் காகிதம் சுற்றிய செப்புக்கம்பிச் சுருள். ஒரு பக்கம் இரண்டு சிவப்பு வயர். மறுபக்கம் இரண்டு மஞ்சள், நடுவில் ஒரு கறுப்பு. "சிவப்புதான் சுவத்துக்குப் போறது. அங்க இருநூத்தி முப்பது வோல்ட்டு. மஞ்சள்ல வர்றது ஆறு. நம்ம நாலு பேட்டரியும் சேந்து ஆறுதான்" என்றாள் அக்கா. மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பள்ளிக்கூட எக்ஸிபிஷனில் அவள் மஞ்சளைச் சுவரில் கொடுத்து ஒன்றை எரித்திருக்கிறாளாம். புகையில் ஹெட்மாஸ்டர் இருமினாராம். "ஒண்ணை எரிச்சவதான் அடுத்ததை ஒழுங்கா பண்ணுவா" என்றாள். எனக்கு அந்த நியாயம் விளங்கவில்லை. ஆனால் அவள் கண் மின்னியதைப் பார்த்து நானும் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன்.

நைனா டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டை என்னைப் படிக்கச் சொன்னார். ஆறு, சைபர், ஆறு என்று படித்தேன். "ஆறு வோல்ட்டுதானே. இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பில்டப்பு? கொழந்த கூட தொடலாம்" என்று சொல்லி எறிந்து பிடித்தார். அவர் ஆயுசில் அலைக்குப் பயப்படாதவர். எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்து ஆபத்தை அளந்தார், எழுதாத பக்கத்தைப் பார்க்கவில்லை. இன்று என் மகன் செய்வதும் அதேதான்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை ஆரம்பமானது. பிளக் பாயிண்டில் முதன்முதலாக ஒரு சாமான் ஏறியது, அக்கா தன் கூட்டாளியிடம் இரவல் வாங்கிவந்த ஈயம் பற்றவைக்கும் கோல். அம்மா வைத்த குங்குமத்தை அம்மாவே துடைத்துவிட்டாள். ஈயம் உருகும்போது எழுந்த புகை வீடு முழுக்கப் பரவியது. சித்தப்பா வாசலிலிருந்தே மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வந்தார். "படகு ஓட்டைக்கு அடைக்கிற குங்கிலியம் வாசனை வருதே, வூட்டுக்குள்ள இன்னா படகு கட்டுறீங்களா?" என்றார்.

சித்தப்பாவைச் சொல்ல வேண்டும். நைனாவின் தம்பி. வலையில் அவர் போட்ட முடிச்சு அவிழ்ந்தது என்று எங்கள் ஊரில் சரித்திரமே இல்லை. எதைக் கட்டினாலும் நூலை ஏரித்தண்ணீரில் நனைத்துத்தான் கட்டுவார். காய்ந்தால் இறுகும், பிறகு கத்திதான் வேண்டும். துடுப்பு, பாய்மரம், கதவு, ஆட்டுக்குட்டி எல்லாவற்றுக்கும் அதே கட்டுதான். மற்றவர்கள் அம்மாவைக் கிண்டல் செய்தபோது, "அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொன்ன ஒரே ஆள் அவர்.

"கரண்ட்டு இந்தச் சிவப்புல போயி மஞ்சள்ல வருதா? உள்ள முடிச்சு போட்டு சேத்திருக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டு கம்பியும் ஒண்ணையொண்ணு தொடவே தொடாது சித்தப்பா. அதான் விசேஷம். ஒரே ஓடத்துல ரெண்டு பேர் குந்தியிருக்கோம்னு வெச்சுக்கோ. நீ ஆட்டினா நானும் ஆடுவேன். கைய கோத்துக்கணுமா இன்னா?"

சித்தப்பா வெகுநேரம் யோசித்தார். "மஜாவா கீது" என்றார்.

அரிசி மணி அளவில் கறுப்பாக, கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற இரண்டு டையோடு, அவற்றின் ஒரு முனையில் வெள்ளிக்கோடு. மஞ்சளுக்கு ஒன்றாக அவற்றைப் பற்றவைத்தாள். பிறகு வருகிற கரண்டைச் சீராக்க, நீலக் குப்பிபோல ஒரு கெப்பாசிட்டர். அதற்குக் கூட்டல் கழித்தல் பார்த்து வைக்க வேண்டும், மாறினால் வெடிக்கும் என்றாள். நான் டார்ச் பிடித்தேன். எங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடக்கிறதே என்ற சந்தோஷத்தில் கண்ணை எடுக்கவே இல்லை. சிவப்பு வயர்கள் சுவருக்குப் போகும் வயரோடு சேர்கிற இரண்டு இடத்திலும் செம்பை முறுக்கி, கறுப்பு டேப்பைக் கடைசி அங்குலம்வரை சுற்றினாள். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் போயிற்று, அதிலிருந்து இரண்டு வயர் ரேடியோவுக்குள் ஸ்பிரிங் இருந்த இடத்துக்குப் போயிற்று. இரும்பை யாரும் தொடக்கூடாது, டப்பாவைத்தான் தொட வேண்டும் என்பது அவள் சட்டம்.

அவளுக்கு இன்னும் சட்டங்கள் இருந்தன. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் உள்ளே கை வைக்கலாம். சுவிட்ச் போடுகிறவள் பலகைமேல் நிற்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு, ஒரு கை முதுகுக்குப் பின்னால். சுவிட்ச் போடுகிறவள் நான். நைனாவின் செருப்பு என் காலுக்கு இரண்டு மடங்கு, அதில் நின்றுகொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராணுவக்காரிபோல ஒரு கையை முதுகில் கட்டினேன். பார்க்க வந்த பிள்ளைகளும் கட்டிக்கொண்டன.

கடைசிச் சட்டம்தான் எல்லாரையும் குழப்பியது. வீட்டில் இருந்த ஒரே பல்பைக் கழற்றி, கரண்ட் அதன் வழியாகப் போய்த்தான் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும்படி வைத்தாள். "பல்பு எரியாம இருந்தா எல்லாம் சரி. பளிச்சுனு எரிஞ்சா உள்ள எங்கியோ தப்பு. அந்தத் தப்பை பல்பு தாங்கிக்கும். வூடு பிழைக்கும், கம்பத்துல ஃபியூசும் பிழைக்கும்" என்றாள். ஊர்க் கம்பத்தில் ஃபியூஸ் போனால் லைன்மேன் பழவேற்காட்டிலிருந்து வர வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை வரவே மாட்டார்.

சுவிட்ச் போட்டேன். பல்பு எரியவில்லை. கூட்டம் "ச்சே" என்றது. "எரியவே இல்ல, இதுக்கா இவ்ளோ அலப்பறை" என்று யாரோ எழுந்தார்கள். அக்காவோ தரையில் ஒரு குதி குதித்தாள். பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்து, ரேடியோவின் திருகைத் திருப்பினாள். முதலில் ம்ம்ம் என்று ஒரு முனகல். பிறகு அந்த முனகலுக்கு மேலே ஒரு சினிமாப் பாட்டு. மாசக்கணக்கில் சீப்பு சுமந்த ரேடியோ பாடியது. நான் செருப்பை உதறிவிட்டு வாசலுக்கு ஓடி, ஓடின வேகத்தில் திரும்பி ஓடிவந்தேன். அம்மா முந்தானையால் ரேடியோவைத் துடைத்தாள், அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

நைனா மட்டும் விடவில்லை. "பாட்டு யார் வேணா பாடுவான். இவ வரணுமே."

மத்தியானம் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிட்டு நானும் அக்காவும் குளிக்கப் போனோம். விழாவுக்குப் போவதுபோல நல்ல தாவணி கட்டிக்கொண்டு வந்தோம். அதற்குள் மணல் தெருவில் ஆள் நடமாட்டம் ஆரம்பித்துவிட்டது. வயதானவர்கள் இடம் பிடித்தார்கள். ஓடத்தில் சைக்கிளோடு வந்திருந்த மீன் வியாபாரியும் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்தார். கிண்டல் செய்த ஏலக்காரர்கள் முன்வரிசையில். அம்மா மஞ்சள் பூசிக் குளித்து ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், யாரையும் பார்க்கவில்லை.

சாயங்காலமானால் எங்கள் ஊரில் சிலோன் ஸ்டேஷன் வந்து மெட்ராஸை மறைக்கும். அதற்காக ரேடியோவிலிருந்து நீளமாக ஒரு செப்புக்கம்பியை வாசலுக்கு இழுத்து, அதன் நுனியை ஒருவர் ஏரிக்கரையில் உயரப் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. நைனாதான் உயரம். சட்டையைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஈர மணலில் தயாராக நின்றார். கம்பி இன்னும் மணலில் கிடந்தது.

"நேரம் ஆவுது, செருகு" என்றார்கள்.

அக்கா பல்பை எடுத்தாள்.

"காலைலதான் பாத்தாச்சே. இன்னும் இன்னா பல்பு? நேராச் செருகுடி" என்று நைனா வெளியிலிருந்து கத்தினார்.

"ஒருவாட்டி பிடுங்கினா மறுபடியும் பல்புதான். முதல்ல பாக்கணும், அப்புறம் நீ கம்பியைத் தொடு" என்றாள் அக்கா. நைனாவை எதிர்த்துப் பேசியதே அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எனக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது. பலகைமேல் ஏறி, கையைப் பின்னால் கட்டி, சுவிட்சைப் போட்டேன்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. அவ்வளவு வெளிச்சம்.

ஊரே கைதட்டியது. "இப்போ எரியுது பார், அதான் கரண்ட்டு" என்று சந்தோஷமாகக் கூவினார்கள். கைதட்டலுக்கு நடுவில் அக்கா என் பெயரைச் சொல்லி அலறினாள். நான் அணைத்தேன். நைனா கம்பியை எடுக்கக் குனிந்திருந்தார். அக்கா பிளக்கைப் பிடுங்கிவிட்டு டப்பாவைத் திறந்தாள், அதிலிருந்து லேசாக ஆவி வந்தது.

உள்ளே பார்த்தால் அழகான ஒரு கட்டு. நாங்கள் குளிக்கப் போன நேரத்தில் சித்தப்பா வந்து பார்த்திருக்கிறார். வயர் முடிச்சுகள் அவருக்குத் திருப்தியாக இல்லை. டேப்மேல் நூல் பிடிக்கவில்லை என்று டேப்பை உரித்து எறிந்துவிட்டு, சிவப்பு, மஞ்சள், கறுப்பு எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்த்து, நூலை ஏரித்தண்ணீரில் நனைத்து இறுக்கிக் கட்டி, மூடியையும் மூடிவிட்டுப் போயிருக்கிறார். உப்புத்தண்ணீரில் ஊறின நூல். அதற்குள் வெறும் செம்பும் வெறும் செம்பும் தொட்டுக்கொண்டிருந்தன, பல்பு எரிந்தது அதனால்தான். பல்பு இல்லாமல் நேராகச் செருகியிருந்தால், சுவரில் இருக்கிற அத்தனை கரண்டும் அந்த ஈரம் வழியாக ரேடியோவுக்குப் போய், அங்கிருந்து கம்பி வழியாக நைனா கைக்குப் போயிருக்கும். அவர் நின்றது ஈர மணலில்.

அக்கா அதைச் சொல்லி முடித்ததும் நைனா கம்பியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

"நல்லாத்தானே கட்டினேன்" என்றார் சித்தப்பா. முகம் வெளுத்திருந்தது. "எனக்குத் தெரிஞ்சது அதான். பிஞ்சுடக் கூடாதேன்னு..."

"நல்லாத்தான் கட்டிக்கீற. இப்போ நீயே அவுரு" என்றாள் அம்மா. அதில் கோபமே இல்லை. அவளுடைய வாக்கு அந்த டப்பாவுக்குள் கிடக்கிறது, அப்போதும் அவள் அப்படிப் பேசினாள்.

ஈர முடிச்சை அவரைத் தவிர வேறு யாரால் அவிழ்க்க முடியும்? வலை பின்னும் ஊசியை நுழைத்து அவிழ்த்தார். அக்கா எல்லாவற்றையும் காய்ந்த துணியால் துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் காட்டி ஈரம் போக்கினாள். இப்போது டேப் இல்லை. கடைசி அங்குலம்வரை தீர்ந்திருந்தது. அக்கா சுற்றிலும் தேடினாள். "ரப்பர் டியூப் மாதிரி ஏதாச்சும் சின்னதா வேணும். வயர் மேல மாட்ட" என்றாள்.

சித்தப்பா வெளியே ஓடினார். புஸ் என்று ஒரு சத்தம். மீன் வியாபாரி எழுந்து, "யோவ், என் சைக்கிள்" என்றார். சித்தப்பா வால்வு டியூப்போடு திரும்பி ஓடிவந்தார், முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டிலிருந்தும். அக்கா முதலில் டியூபை வயரில் கோத்துக்கொண்டு, பிறகு செம்பை முறுக்கி, டியூபை அதன்மேல் இழுத்துவிட்டாள். ஒரு இணைப்புக்கும் அடுத்த இணைப்புக்கும் இரண்டு விரல்கடை தள்ளி வைத்தாள். சிவப்பு ஒரு மூலைக்கு, மஞ்சள் எதிர் மூலைக்கு.

"சித்தப்பா, இந்த வெளி வயரை டப்பாவோட சேத்துக் கட்டு. யாராச்சும் கால் தடுக்கி இழுத்தா உள்ள பிய்யக் கூடாது. காய்ஞ்ச நூல்ல."

"காய்ஞ்ச நூல்லயா?" சித்தப்பா வாழ்க்கையிலேயே அப்படிக் கட்டியதில்லை. ஆனாலும் கட்டினார், ஏதோ பாவம் செய்கிறவர்போல.

மறுபடியும் பல்பு, மறுபடியும் பலகை, முதுகில் கை. சுவிட்சைப் போட்டேன். பல்பு எரியவில்லை.

இந்தத் தடவை ஊருக்குப் பாடம் ஏறிவிட்டது. எரியாத பல்பைப் பார்த்து அத்தனை பேரும் கைதட்டினார்கள், பிள்ளைகள் விசிலடித்தன. அக்கா பல்பை எடுத்து நேராகக் கொடுத்தாள், கரண்ட் இருந்தால் மினுங்குகிற டெஸ்டரை ரேடியோவிலும் செப்புக்கம்பியிலும் வைத்துப் பார்த்தாள். டெஸ்டர் மினுங்கவில்லை. "இப்போ புடி நைனா" என்றாள். அவர் கம்பியை எடுத்தார். ஒரு நொடி தயங்கித்தான் எடுத்தார், நான் பார்த்தேன். கணுக்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கிக் கையை உயர்த்தினார். சிலோன் விலகியது, மெட்ராஸ் தெளிந்தது.

நிகழ்ச்சி ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. யாரோ ஒருவர் நெல்லுக்கு உரம் போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒருவன் சிரிக்க வாயைத் திறந்தான். அப்போது அறிவிப்பாளர் பழவேற்காடு என்றார். உடனே ரேடியோவுக்குள்ளிருந்து எங்கள் ஏரிக்காற்று வந்தது, ஒரு நாரை கத்தியது, அதன் பிறகு அம்மா.

"வெயில் ஏர்றதுக்குள்ள பிரிச்சுடணும் சார். தலை வேற, ஓடு வேற. இல்லாங்காட்டி கெட்டுப்பூடும்."

பிள்ளைகள் அம்மாவின் வாயையே பார்த்தன. வாய் மூடியிருந்தது. குரலோ ரேடியோவிலிருந்து வந்துகொண்டிருந்தது, இறால் வகையைச் சொன்னது, எந்தக் காற்றுக்கு எந்த மீன் என்று சொன்னது, ரேடியோக்காரர் தப்பாகச் சொன்ன ஒரு மீன் பேரைத் திருத்தியது. ஏலக்காரர் ஒருவர் மெல்ல, "ஆமா, அவ குரல்தான்" என்றார். இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அக்கா கையைப் பிடித்தேன், அது ஜில்லென்று இருந்தது. எனக்கு ஊரெல்லாம் கேட்கக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் ஊரே அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

"நல்லாச் சொன்னீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று ரேடியோவில் அவர் கேட்டார்.

எங்கள் ஊரில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வார்கள். அம்மாவுக்கு நைனா எப்போதும் 'இந்தா', இல்லாவிட்டால் 'பெரியவ நைனா'. கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தரையைப் பார்த்தாள்.

ரேடியோவில் காற்று கொஞ்ச நேரம் வீசியது. பிறகு அம்மா நைனாவின் பேரைச் சொன்னாள். முழுப்பேரையும் சொன்னாள். கூச்சப்பட்டு முணுமுணுக்கவில்லை. கரையில் நின்று படகைக் கூப்பிடுகிறவள்போல, உரக்க, நிறுத்தி.

ஏரிப்பக்கமிருந்து உடனே பதில் வந்தது.

"இன்னா?"

கையில் கம்பியைப் பிடித்தபடி நைனா தண்ணீரிலிருந்து வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் கூப்பிட்டது என்று அதன் பிறகுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். உயர்த்திய கை அப்படியே நின்றது. சிரிக்க நினைத்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை. ஊரே அம்மாவைப் பார்த்தது.

அம்மா எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முன்வரிசையைத் தாண்டி வாசலுக்குப் போய் நின்றாள்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்ட்டேன்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "கம்பியைக் கெட்டியாப் புடி."